தண்ணித்துறை

மயிலாப்பூரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முன்வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். கோபுரம், தெப்பக்குளம், மாடவீதி, மார்கழிக் கச்சேரி. எனக்கு வாய்த்தது கொல்லை வாசல். முண்டகக்கண்ணியம்மன் கோயிலைத் தாண்டி, எட்டுக் குடித்தனம் வரிசையாக இருந்த ஒரு ஸ்டோரில் கடைசி வீடு எங்களுடையது. கொல்லைக் கதவைத் திறந்தால் கிணற்றடி. கிணற்றடியைத் தாண்டி இடிந்துபோன மதில். மதிலுக்கு அப்பால் ஒரு வரிசைக் குடிசை. குடிசைகளுக்கும் அப்பால் பக்கிங்காம் கால்வாய்.

நான் பிறந்தது 1962-ல். விவரம் தெரிந்து நான் பார்த்த கால்வாய் கறுப்பாகத்தான் இருந்தது. கோடையில் நாறும், ஐப்பசியில் பொங்கும். ஆனாலும் பாட்டி அதைச் சாக்கடை என்று சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. "ஆத்துப் பக்கம் போகாதே" என்றுதான் அதட்டுவாள். படகு ஓடிய நாளில் அவள் அதைப் பார்த்திருந்தாள். தெற்கேயிருந்து சவுக்குக்கட்டை ஏற்றி வரும் படகு, உப்பு ஏற்றி வரும் படகு, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் கொண்டுவரும் படகு. எங்கள் தெருமுனை விறகுத்தொட்டிக்குச் சவுக்கு படகில் வந்த காலத்தில் எடை சரியாக இருந்ததாகவும், லாரியில் வர ஆரம்பித்ததும் குறைந்துவிட்டதாகவும் சாகும்வரை குறைப்பட்டுக்கொண்டாள். ராமகிருஷ்ண மடம் சாலையில் தண்ணித்துறை மார்க்கெட்டுக்கு ஏன் அந்தப் பேர் என்று கேட்டால், "துறைன்னா படகு நிக்கிற எடம்டீ. காய்கறி பின்ன எதுல வந்துதுங்கறே?" என்பாள், எனக்கு அது தெரியாததே ஒரு குற்றம் மாதிரி.

அந்தக் கால்வாய் ஒரே மூச்சில் வெட்டப்பட்டதல்ல. 1806 வாக்கில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய துண்டுதான் ஆரம்பம். கோக்ரன் கால்வாய் என்று அதற்குப் பேர். பிறகு வடக்கிலும் தெற்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. நகரத்துக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் மட்டும் விட்டுப்போயிருந்தது. தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1877, 78-ல் பசியோடு பட்டணத்துக்கு வந்தவர்களுக்குக் கூலி கொடுத்து அந்த இடைவெளியை வெட்டவைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பேர் கால்வாய்க்கு வந்தது. எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஓடியது அந்தப் பஞ்சத்துத் துண்டுதான். அது முடிந்த பிறகு தெற்கே மரக்காணம் வரையும், வடக்கே ஆந்திரத்துக்குள் பெத்தகஞ்சாம் வரையும், 400 கிலோமீட்டருக்கு மேல் ஒரே நீர்வழி. பாரதிதாசன் 1934-ல் நண்பர்களோடு மாமல்லபுரம் போனது இதில் படகேறித்தான். 'மாவலிபுரச் செலவு' அந்தப் பயணத்தில் பிறந்த பாட்டு.

காற்று கைகொடுத்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கழியை ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் நடக்காத இடத்தில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் கரையோரமாக நடந்து படகை இழுப்பார்கள். ஒரு சொட்டு எண்ணெய் செலவில்லை, ஒரு துளி புகை இல்லை. பசுமைப் போக்குவரத்து என்று இப்போது ஏசி அறையில் உட்கார்ந்து பேசுவதை அந்த ஜனங்கள் பேர் தெரியாமலே நடத்திவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் பாட்டி சும்மா விடமாட்டாள். கயிறு இழுக்கிறவர்களின் தோளில் எருமைத் தோல் மாதிரி காய்த்துக் கிடக்கும் என்று சொன்னவளும் அவள்தான். எனக்கே ஒரு ஞாபகம் உண்டு. பாட்டிக்குக் காய்ச்சல் என்று ராயப்பேட்டைக்குக் கைரிக்‌ஷாவில் போனோம். அவள் மடியில் நான். முன்னால் ஓடியவரின் முதுகு எலும்பை எண்ணிவிடலாம். மேட்டில் ஏறும்போது அவர் மூச்சு வாங்கிய சத்தம் ரிக்‌ஷா மணிச் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. 1973-ல் கருணாநிதி அரசு கைரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள்ரிக்‌ஷா கொடுத்தது. எங்கள் தெருவில் அதற்காக வருத்தப்பட்டவர் ஒருவரும் இல்லை. ஆகவே அந்தக் காலம் சுத்தமான காலம் என்று நான் சொல்லும்போது காற்றை மட்டும்தான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவுக்கு ஏக்கம் வேறு வண்டியில். டிராம். 1895 மே 7-ம் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது இந்தியாவில் வேறெந்த ஊரிலும் அது கிடையாது. மயிலாப்பூரிலிருந்து டிராமில் ஏறி வேலைக்குப் போனவர் அவர். கம்பெனி நொடித்துப்போய் 1953 ஏப்ரலில் டிராம் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். "கரண்டுல ஓடின வண்டியை மூட்டை கட்டிட்டு டீசல் பஸ்ஸை விட்டான். கேட்டா முன்னேத்தம்கறான்" என்று சாய்வு நாற்காலியிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். அப்போது எங்களுக்கு அது கிழவரின் புலம்பல். இப்போது டீசல் பஸ்ஸை நிறுத்திவிட்டு மின்சாரப் பஸ் விடுகிறோம் என்று பேப்பரில் முதல் பக்கத்தில் போடுகிறார்கள். தாத்தா இருந்திருந்தால் அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியிருப்பார்.

என் வண்டி வாடகை சைக்கிள். மணிக்கு முப்பது காசு. பின் மட்கார்டில் வெள்ளைப் பெயின்டில் எண் போட்டிருக்கும். கடைக்காரர் நோட்டில் பேரையும் நேரத்தையும் எழுதிக்கொள்வார். அப்பா பேரைச் சொன்னால் போதும், முன்பணம் வேண்டாம். பாவாடையைச் சொருகிக்கொண்டு குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டது கால்வாய்க் கரை மண் பாதையில்தான். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவது குடிசை வரிசையிலிருந்த பூக்காரம்மாவின் மகள். என்னைவிட நாலு வயது சின்னவள். அவள் பிடித்திருக்கிறாள் என்ற நம்பிக்கையில் நான் மிதிப்பேன். அவள் எப்போதோ விட்டுவிட்டு நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். பிறகு நான் அடையாற்றுப் பாலம் தாண்டி, ஆலமரம் பார்க்கத் தியாசபிகல் சொசைட்டி வரைக்கும் தனியாகப் போகிற அளவுக்குத் தேறினேன். அவளை ஒருதடவை டபுள்ஸ் ஏற்றிக்கொண்டு போனபோது போலீஸ்காரர் நிறுத்தி இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். மந்தைவெளியிலிருந்து இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தோம்.

பூக்காரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது அந்த இடிந்த மதில் மட்டும்தான். காலை ஆறு மணிக்கு மதிலுக்கு மேலே ஒரு கை தெரியும், கையில் வாழையிலைப் பொட்டலம். "யம்மோவ், பூவு." வாங்கிக்கொண்டு பாட்டி அடுப்புக்கரியால் சமையலறைச் சுவரில் ஒரு கோடு போடுவாள். மாசக் கடைசியில் கோடுகளை எண்ணிக் காசு. நடுவில் பூக்காரம்மாவுக்குப் பணமுடை வந்தால் மதில் வழியாகவே குரல் வரும். கோடு அழிக்கப்பட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் அங்கே தெரியும், அங்கே சண்டை என்றால் இங்கே தெரியும். அதை ஒற்றுமை, சமத்துவம் என்றெல்லாம் பெரிய வார்த்தை போட்டு அழைக்க எனக்குக் கூசுகிறது. அவர்கள் எங்கள் கிணற்றில் இறைத்ததில்லை. பாட்டி இறைத்து ஊற்றுவாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஆனால் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள். அவ்வளவுதான் நான் சொல்ல வருவது. அந்தத் தூரம்தான் இப்போது இல்லை.

பறக்கும் ரயில் வந்தது. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு வேறு நீளமான பேர். ஜனங்கள் வைத்த பேர் பறக்கும் ரயில். நகரத்துக்கு நடுவே தண்டவாளம் போட நிலம் வேண்டும். நிலம் வாங்க வேண்டுமென்றால் பணமும் வழக்கும். ஏற்கெனவே அரசாங்கத்துக்குச் சொந்தமாக, வடக்குத் தெற்காக நேர்கோடு கிழித்தாற்போல ஓர் இடம் கிடந்தது, கால்வாய். அதிலேயே தூண் ஊன்றினார்கள். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997-ல் திருமயிலை, 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. தண்ணீருக்கு நடுவே தடித்தடியாகத் தூண் நின்றால் தண்ணீர் எங்கே போகும் என்று சுற்றுச்சூழல்காரர்கள் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. வேளச்சேரி வரை தூண் ஊன்றி ரயில் விட்ட மறு வருஷம், 2008-ல், பக்கிங்காம் கால்வாயையும் சேர்த்துத் தேசிய நீர்வழி எண் 4 என்று மத்திய அரசு அறிவித்தது. படகு எந்தத் தூணைச் சுற்றிப் போக வேண்டும் என்று அறிவிப்பில் இல்லை.

நான் ரயிலுக்கு எதிரியில்லை. உள்ளதைச் சொன்னால், 1997-ல் திருமயிலை நிலையத்திலிருந்து முதன்முறை ஏறியபோது சின்னப்பிள்ளை மாதிரி ஜன்னலோரம் அடித்துப் பிடித்து உட்கார்ந்தேன். மாடி மாடியாக மொட்டை மாடிகள், வடாம் காயும் பாய்கள், தூரத்தில் கடல். புகை இல்லை, ஹாரன் இல்லை, டிக்கெட்டும் மலிவு. பீச் ஸ்டேஷனில் இறங்கி ஆபீஸுக்கு நடந்துவிடுவேன். பஸ்ஸில் அண்ணா சாலை வழியாக ஒரு மணிநேரம் வியர்த்துக்கொண்டு போன எனக்கு அது வரம். அந்த வரம் எந்த இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது என்று யோசித்தது வெகுநாள் கழித்து. தூணுக்குக் குழி தோண்டுவதற்கு முன்னால் குடிசை வரிசை கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். புது ஆயிரத்தாண்டு பிறந்த சமயத்தில் ஒருநாள் லாரி வந்து நின்றது. தட்டுமுட்டுச் சாமானோடு, ஒரு ஆட்டுக்குட்டியோடு, பூக்காரம்மா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். எங்கே என்று கேட்டதற்குக் "கண்ணகி நகராம்" என்றாள். எங்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அவளுக்கும்தான்.

கூவம், அடையாறு, பக்கிங்காம் என்று சென்னையின் நீரோரங்களில் இருந்த பல்லாயிரம் குடும்பங்கள் இப்படித்தான் தெற்கே போயின. முதலில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். ரயிலுக்காக என்று ஒருமுறை, மேம்பாலத்துக்காக என்று ஒருமுறை, வெள்ளத் தடுப்புக்காக என்று ஒருமுறை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம்தான் என்று தோன்றும்படியே இருக்கும். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின்படி கால்வாய்க்கரை வீடுகளை இடிக்க வந்தபோது ஒரு பெரியவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டு இறந்தார். அதன்பிறகுதான் அந்தக் குடும்பங்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே மாற்று வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார். பக்கத்திலேயே தர முடியும் என்று அரசாங்கம் வாய்திறந்து சொல்ல ஓர் உயிர் வேண்டியிருந்தது.

வரைபடத்தை விரித்து ஒருநாள் கால்வாய் வழியாகவே விரலை ஓட்டிக்கொண்டு தெற்கே போனேன். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு முகத்துவாரம், திருவான்மியூர், பெருங்குடி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாயில் வந்து விழும் இடத்தில் விரல் நின்றது. மடுவை ஒட்டித்தான் கண்ணகி நகர். கால்வாய்க்கரையில் இருக்கக் கூடாது என்று மயிலாப்பூரிலிருந்து கிளப்பியவர்களை, அதே கால்வாயில் தண்ணீர் வந்து சேரும் இன்னொரு கரையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஸ்டோரும் நிலைக்கவில்லை. வீட்டுக்காரர் விற்றார், இப்போது அங்கே நாலு மாடி ஃபிளாட், கீழே கார் நிறுத்தம். நான் அடையாறு கஸ்தூர்பா நகருக்கு வந்துவிட்டேன். மயிலாப்பூரிலிருந்து அடையாறு என்ன அமெரிக்காவா என்று என் மகன் கேட்பான். பாலத்தைத் தாண்டினால் அடையாறு. தாண்டியவர்களுக்குத் தெரியும்.

இங்கேயும் அடியில் தோண்டினார்கள். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம்: மூன்று தடம், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். கிரீன்வேஸ் சாலையிலிருந்து அடையாற்றின் அடியில் சுரங்கம் போட்டு இந்தக் கரைக்கு வந்த இயந்திரத்துக்குக் காவேரி என்று பேர் வைத்திருந்தார்கள். அடையாற்றுக்கு அடியில் காவேரி ஓடுகிறது என்று காலை நடையில் ஒரு ஓய்வுபெற்ற எஞ்சினியர் தினமும் சொல்லிச் சிரிப்பார். வேறு சில இயந்திரங்களுக்குப் பறவைகளின் பேர். ஒன்று மயில். அது மயிலாப்பூருக்கு வரவில்லை. பானகல் பூங்காவில் இறங்கிக் கோடம்பாக்கம் பக்கம் போயிற்று. கலங்கரை விளக்கத்திலிருந்து மயிலாப்பூரை நோக்கி வந்தது பூநாரை. எங்கள் வீட்டுத் தரை அதிர்கிறதா என்று டம்ளரில் தண்ணீர் வைத்து ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். அதிரவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பானகல் பூங்கா என்றதும் சித்தி வீடு ஞாபகம் வருகிறது. தீபாவளித் துணி வாங்க தி.நகர் போனால் சாப்பாடு சித்தி வீட்டில். அவள் வீட்டுக் கிணற்றில் கையால் மொள்ளும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். சித்தப்பா காரணம் சொன்னார்: இந்த இடமே ஏரி. மாம்பலத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை 1920-களில் தூர்த்து மனை போட்டார்கள்; ஊருக்குத் தியாகராயர் பேர், பூங்காவுக்குப் பானகல் ராஜா பேர். 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்ததும் மாம்பலம் ஸ்டேஷனைச் சுற்றி வீடு மளமளவென்று எழுந்தது. ரயில் வந்தால் நிலத்துக்கு விலை ஏறும், விலை ஏறினால் குளமும் குடிசையும் நகரும் என்கிற கணக்கு தி.நகருக்கு நூறு வருஷப் பழக்கம். இன்று அந்தப் பூங்காவின் ஒரு பகுதி தகரத் தடுப்புக்குள். உள்ளே என்னென்ன மரம் இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன், பாதிக்குமேல் முடியவில்லை. சரி, அது தனிக் கதை.

ரயில் கரண்டில் ஓடுகிறது என்றால் அந்தக் கரண்டு எங்கிருந்து வருகிறது? இதைக் கேட்கவைத்தது ஒரு பாட்டு என்றால் நம்பமாட்டீர்கள். 2017-ல் டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று 'சென்னை புறம்போக்குப் பாடல்' பாடினார். சொற்கள் கபேர் வாசுகி எழுதியவை, சென்னைத் தமிழில். மயிலாப்பூர் சபாக்களில் கேட்டுப் பழகிய ராகங்கள், பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கி. என்னுடைய கச்சேரித் தோழிகள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பாட்டைவிட இடம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அந்த இடத்துக்கும் போவது அதே கால்வாய்தான். இந்தமுறை விரலை வடக்கே ஓட்டினேன். சேப்பாக்கம், பேசின் பாலம், திருவொற்றியூர், எண்ணூர். கோக்ரன் முதலில் வெட்டிய துண்டு. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லிருந்து 2017 வரை ஓடி நின்றது. 1990-களில் வந்த வடசென்னை அனல்மின் நிலையம் இன்னும் ஓடுகிறது. எரித்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகிய இடத்தில் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து, ஆழம் தூர்ந்து, காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்களுக்கு இறால் குறைந்தது. கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தவர்கள் கையில் இப்போது சாம்பல் வருகிறது.

எல்லா மின்சாரமும் கரியிலிருந்து வருவதில்லை, அதுவும் உண்மை. ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. கமுதியில் 2016-ல் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. அங்கேயும் அது யாரோ ஆடு மேய்த்த நிலம்தான். சுத்தமான மின்சாரம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? மாசு பிடித்த கால்வாய்க்குப் பக்கத்தில் மூச்சுவிட்டு வளர்ந்தவள் நான், எனக்கு வேண்டும். ஆனால் என் ஊரில் புகை இல்லாமல் ரயில் ஓடும்போது அந்தப் புகை வேறொருவர் ஊரில் எழுந்துகொண்டிருக்கிறது என்பதும், இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரே வாய்க்கால் ஓடுகிறது என்பதும் தெரிந்த பிறகு, ஜன்னலோரம் முன்புபோல் இனிக்கவில்லை.

போன பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்துக்குப் போயிருந்தேன். அன்றைக்கு மாடவீதியில் மோட்டார் வண்டி கிடையாது. சாமியெல்லாம் மனிதத் தோளில் வரும். பானகம், நீர்மோர்ப் பந்தல். காலில் செருப்பு தொலைந்தால் தொலைந்ததுதான். அந்தக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்கையில் எனக்குச் சின்ன வயசு மயிலாப்பூர் திரும்பக் கிடைத்துவிட்டது மாதிரி ஒரு மயக்கம். கூட்டத்தைவிட்டு வெளியே வந்து லஸ் முனையை நோக்கி நடந்தால் தகரத் தடுப்பு வழிமறித்தது. திருமயிலையில் இரண்டு மெட்ரோ தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கடக்கப்போகின்றன. அதற்காக அடுக்கடுக்காக ஆழமான நிலையம். நான் பிறந்து வளர்ந்த தெருவுக்கு வழி கேட்டு நின்றேன். மஞ்சள் தொப்பி போட்ட பையன் ஒருவன் இந்தியில் ஏதோ சொல்லிக் கையைக் காட்டினான். அவன் எந்த ஊர்க் கால்வாய்க்கரையிலிருந்து வந்திருப்பானோ.

தகரத்தை ஒட்டிக் கூடையோடு உட்கார்ந்திருந்தவளை முதலில் அடையாளம் தெரியவில்லை. அவள்தான் கூப்பிட்டாள்.

"இன்னாக்கா, தெரிலயா? சைக்கிளு."

பூக்காரம்மாவின் மகள். அம்மா போய்ப் பத்து வருஷம் ஆயிற்றாம். இவள் கண்ணகி நகரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து மயிலாப்பூருக்கு வந்து பூ விற்றுவிட்டு ராத்திரி திரும்புகிறாள். அங்கேயே விற்கக் கூடாதா என்று கேட்டேன். "அங்க யாருக்கா மூணு மொழம் வாங்குவாங்க? கோயிலு இங்கதான கீது." பெண்களுக்கு 2021-லிருந்து சாதாரண பஸ்ஸில் காசில்லை என்பதால் போக்குவரத்துச் செலவு மிச்சம். அதற்கு முன்னால் சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போய்விடுமாம். இப்போது பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து கரண்டு பஸ்கூட வருகிறது, சத்தமே இல்லை, தூங்கிப்போய் ஸ்டாப்பைத் தாண்டிவிட்டேன் என்று சிரித்தாள். நாங்கள் சைக்கிள் தள்ளிக்கொண்டு வந்த அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

மெட்ரோவின் மூன்றாம் தடம் மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை. திருமயிலை, மந்தைவெளி, அடையாறு, திருவான்மியூர், துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர். அதை அவளிடம் ஆர்வமாகச் சொன்னேன். இங்கே ஏறினால் கண்ணகி நகர் பக்கத்திலேயே இறங்கலாம், இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் லாரி கொண்டுபோய் விட்ட தூரத்தை ரயில் அரைமணியில் திரும்பக் கொண்டுவந்து விடும் என்று. சொல்லும்போதே அதில் ஏதோ இடறியது. அவள் கேட்டுக்கொண்டே பூவைக் கட்டினாள். கை மட்டும் நிற்கவில்லை.

"டிக்கெட்டு எவ்ளோ இருக்கும்?"

முதல் கட்ட மெட்ரோவில் அதிகபட்சம் 50 ரூபாய் என்றேன். அவள் உச்சுக்கொட்டினாள்.

"பூக்கூடய உள்ள உடுவாங்களாக்கா? ஈரம் சொட்டுமே. அங்கல்லாம் தர பளபளன்னு கீதாம், என் பேத்தி சொல்லுது."

விடுவார்கள் என்று நினைக்கிறேன் என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

அவள் முழங்கையை மடக்கி அளந்தாள். மூன்று முழம், அதற்குமேல் கையளவு கொசுறு. அவள் அம்மாவும் அப்படித்தான், கொசுறைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுப்பாள். வாழையிலைக்குப் பதில் பேப்பரில் சுற்றினாள். அதற்குள் தடுப்பு முனையில் ஒரு வெள்ளைப் பலகை பஸ் திரும்பியது. "வரேங்க்கா" என்று மிச்சப் பூவைக் கூடையோடு வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். அறுபதை நெருங்கியவள் ஓடுகிற ஓட்டமில்லை அது. கூட்டத்தில் கூடை மட்டும் மேலே தெரிந்தது, பிறகு அதுவும் உள்ளே போயிற்று.

பஸ் தகரத்தைச் சுற்றிக்கொண்டு போன பிறகுதான் பூவுக்குக் காசு கொடுக்கவில்லை என்பது உறைத்தது. பேப்பர் நனைந்து கையெல்லாம் ஈரம். பழைய வீடாக இருந்தால் போனதும் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டிருப்பேன்.